தலை எது, கால் எது?

போன மாதம் என் மகன் எலக்ட்ரிக் கார் ஒன்று வாங்கினான். திருமுல்லைவாயல் மாசிலாமணீஸ்வரர் கோயில் வாசலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, என்னை முன் சீட்டில் உட்கார வைத்து அம்பத்தூர் வரை ஓட்டினான். சத்தமே இல்லை. "இதில் பிஸ்டன் இல்லை, கனெக்டிங் ராடு இல்லை, ஆயில் மாற்றுகிற வேலையே இல்லை அப்பா" என்று பெருமையாகச் சொன்னான். கனெக்டிங் ராடு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு காரியம் நினைவுக்கு வந்துவிட்டது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் படிக்கிறவள். முழுதும் படித்துவிட்டுப் பேசு என்று மட்டும் அவளைக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இது அவள் அப்பாவின் கார் பற்றியது.

என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், புதுச்சேரியில் எல்லோரும் 'சொல்தா' என்று சொல்லும் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். சைகோனில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, பென்ஷன் பணத்தில் ஒரு பழைய பெஜோ 203 வாங்கினார். சாம்பல் நிறம், முதுகு சரிந்த கார். 1948-லிருந்து 1960 வரை பிரான்சில் செய்த வண்டி அது. நான்கு சிலிண்டர், 1290 சி.சி. எங்கள் தெருவில் அதற்கு இருந்த மரியாதை மாமாவுக்கே இல்லை. 1977-ல் அவருடைய மூத்த பெண்ணை எனக்குக் கட்டிவைத்தபோது அந்தக் காரில்தான் ஊர்வலம் போனோம். இரண்டாவது பெண்ணுக்கு 1980 தை மாதம் காரைக்காலில் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவளும் இதே காரில்தான் மணமேடைக்குப் போக வேண்டும் என்பது மாமாவின் தீர்மானம்.

நான் அப்போது ஆவடியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர். குடியிருந்தது அம்பத்தூரில். பிரெஞ்சு வழியில் 'பிரெவே' வரை படித்தவனுக்கு ஆங்கிலத்தில் நோட் போடும் உத்தியோகம் எப்படிக் கிடைத்தது என்பது தனிக் கதை. முதல் இரண்டு வருஷம் ஹெட் கிளார்க் என் ஆங்கிலத்தைச் சிவப்பு மையில் குளிப்பாட்டினார் என்று சொன்னால் போதும்.

1979 ஐப்பசியில் மாமா கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க மெட்ராஸ் வந்தபோது, திண்டிவனம் தாண்டி ஒலக்கூர் பக்கத்தில் கார் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்து, பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது. ஆயில் ஒழுகிப் போயிருந்ததைக் கவனிக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள்: 'கூலே யுன் பியெல்'. பியெல் என்றால் கனெக்டிங் ராடு. அதை உருக்கி ஊற்றிவிட்டான் என்று அர்த்தம். உண்மையில் உருகுவது ராடு அல்ல, அதன் பெரிய வளையத்துக்குள் இருக்கும் பேரிங்கின் வெள்ளை உலோகம். ஆயில் இல்லாவிட்டால் அது மெழுகு மாதிரி ஓடிவிடும். மாமாவின் வண்டியில் மூன்றாம் நம்பர் ராடு சூட்டில் நீலம் பாரித்து, வளைந்தும் போயிருந்தது.

லாரியில் ஏற்றி அம்பத்தூருக்குக் கொண்டுவந்தோம். எஸ்டேட் போகும் வழியில் ஓலைக்கொட்டகை போட்டு ஒரு மெக்கானிக் இருந்தார். மேஸ்திரி என்றுதான் எல்லோரும் அழைப்போம். சோழவரம் பந்தயத்துக்கு என்ஜின் தயார் செய்த கை என்று அவரைச் சொல்வார்கள். இந்தத் தலைமுறைக்குச் சோழவரம் என்றால் ஏரி மட்டும்தான். அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் வருஷா வருஷம் கார், பைக் பந்தயம் நடத்தியது. பம்பாய், கல்கத்தா, பெங்களூர், கோயம்புத்தூர், இலங்கையிலிருந்தெல்லாம் வருவார்கள். பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை போட்ட பிறகுதான் சோழவரம் ஓய்ந்தது.

மேஸ்திரி என்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "புது ராடு கிடைக்குமா சார்?" என்றார். அந்தக் காலத்தில் வெளிநாட்டு உதிரிபாகம் இறக்குமதி என்பது சாமானியனுக்கு நடக்காத காரியம். கடைசியில் முதலியார்பேட்டையில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் கோழி அடைத்து வைத்திருந்த 203 ஒன்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒரு ராடை மாமா கழற்றி அனுப்பினார்.

"வேற என்ஜின் ராடு. அப்படியே போட முடியாது. நாலையும் பாலிஷ் பண்ணி, எடை சமன் பண்ணணும்" என்றார் மேஸ்திரி. எதற்கு என்று கேட்டேன். நான் எதையும் இப்படிக் கேட்கிறவன், அவரும் சலிக்காமல் சொல்கிறவர்.

நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒன்றும் நான்கும் சேர்ந்து மேலே போகும்போது இரண்டும் மூன்றும் கீழே வரும். சுமைக் காவடி மாதிரி. இரண்டு பக்கமும் ஒரே எடை இருந்தால் தூக்குகிறவனுக்குத் தோள் நோகாது. ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் குதிக்கும். எவ்வளவு குதிக்கும் என்று நான் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த 203-இல் பிஸ்டன் நகரும் தூரம் 73 மில்லிமீட்டர். நிமிஷத்துக்கு 4500 சுற்று ஓடினால் ஒரு வினாடிக்கு 75 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. அந்த வேகத்தில் ஒரு கிராம் எடை, உச்சியில் திரும்பும்போது, முக்கால் கிலோவுக்கும் மேல் இழுக்கிறது. பத்து கிராம் கூடுதல் என்றால் எட்டு கிலோ. வினாடிக்கு 75 தடவை எட்டு கிலோ சுத்தியால் தட்டினால் எந்த பேரிங் தாங்கும்?

பாலிஷ் எதற்கு என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. என்ஜினுக்குள்ளே யார் பார்க்கப் போகிறார்கள், பளபளப்பு எதற்கு? மேஸ்திரி ஜவுளிக்கடை உதாரணம் சொன்னார். துணி கிழிக்கிறவன் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுப்பான், கோடு போட்ட மாதிரி கிழியும். அந்த வெட்டு இல்லாவிட்டால் பயில்வான் இழுத்தாலும் கிழியாது. இரும்பும் அப்படித்தான். ராடு ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டு அமுங்குகிறது. மேல்தோலில் ஒரு கீறல் இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். ராடு அச்சில் அடித்துச் செய்யப்படுவது. இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் இரு ஓரமும் தலையிலிருந்து கால் வரை ஒரு முரட்டு வரப்பு ஓடும். அதை அரத்தால் ராவி எடுத்து, பிறகு எமரித் தாளை ஒன்றைவிட ஒன்று நைசாக மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் மட்டும்தான் தேய்க்கலாம். குறுக்கே தேய்த்தால் அந்தக் கோடுகளே கத்தரி வெட்டு ஆகிவிடும்.

அதற்கு முன்னால் விரிசல் இருக்கிறதா என்று சோதனை. ராடை ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். காலையில் துணியால் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைக் குழைத்துப் பூசி உலர விட்டார். மரச்சுத்தியால் மெல்லத் தட்டினார். விரிசல் இருந்தால் உள்ளே ஒளிந்திருக்கும் எண்ணெய் கசிந்து வெள்ளையில் கறுப்புக் கோடு காட்டும். நல்லவேளை, எதுவும் இல்லை. பிறகு ராடைக் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பேனரால் ஒரு தட்டு. கோயில் கைமணி மாதிரி நின்று ஒலித்தது. "கோழிக் கூண்டுல இருந்தாலும் ஜாதி இரும்பு சார்" என்றார்.

தேய்க்கும் வேலை அவரிடம் இருந்த பையனுக்கு. பதினான்கு வயது இருக்கும். அவன் தொடர்ந்து பன்னிரண்டு நாள் தேய்த்தான். நான் ஆபீஸ் விட்டு ரயிலில் இறங்கி அந்த வழியாக வரும்போதெல்லாம் கொட்டகை வாசலில் அரிக்கேன் விளக்கு வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பான். கடைசி நாள் ராடில் தன் முகத்தைப் பார்த்துத் தலை வாரிக் காட்டினான்.

தேய்த்தாலே எடை குறையும். அதனால் பாலிஷ் முடிந்த பிறகுதான் எடை போட வேண்டும். மொத்த எடை மட்டும் சமமாக இருந்தால் போதாது. கிராங்குடன் பிடித்திருக்கும் பெரிய வளையம் சுற்றி வருகிறது. பிஸ்டனோடு இருக்கும் சின்ன வளையம் மேலும் கீழும் போகிறது. இரண்டும் வேறு வேறு ஆட்டம். ஆகவே ஒரு முனையை நூலில் தொங்கவிட்டு, மறுமுனையைத் தராசுத் தட்டில் வைத்து, ராடு தரைக்கு நேராக இருக்கும்படி எடை எடுக்க வேண்டும். பிறகு திருப்பிப் போட்டு மறுமுனை. இரண்டையும் கூட்டினால் மொத்த எடை வர வேண்டும். வராவிட்டால் நூல் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கிளார்க்குக்குப் பிடித்த கணக்கு. நானே செய்கிறேன் என்று முன்வந்தேன்.

அம்பத்தூர் ஓ.டி.யில் எங்களுக்குத் தெரிந்த பத்தர் கடையில் வெள்ளிச் சாமான் எடை போடும் தராசு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை சாத்தும் நேரத்தில் நான்கு ராடையும் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். மேஸ்திரிக்கு வேறு ஒரு வண்டி டெலிவரி, வரவில்லை. உத்தரத்தில் ஆணி அடித்து நூல் கட்டினோம். பத்தர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு முள்ளைப் பார்த்தார். இருப்பதில் எடை குறைந்ததை அளவுகோலாக வைத்துக்கொண்டால், இரண்டு ராடில் இரண்டு மூன்று கிராம்தான் கூடுதல். முதலியார்பேட்டை ராடு 24 கிராம் கூடுதல். "மூணு சவரன் அதிகமா போட்டிருக்கான்" என்று சிரித்தார் பத்தர்.

இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது.

மாமா வண்டியோடு ஒரு பிரெஞ்சுக் கையேடும் கொடுத்திருந்தார். ஒரு மாதமாக அதைப் படித்து மேஸ்திரிக்குத் தமிழில் சொல்வது என் வேலை. அந்தப் பகுதியில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற பெருமை வேறு. பிரெஞ்சில் பெரிய வளையத்துக்கு 'தெத் த பியெல்', ராடின் தலை என்று பெயர். சின்ன வளையம் 'பியே த பியெல்', ராடின் கால். நானும் ஒரு முழுத்தாளில் கோடு போட்டு, கட்டம் கட்டி, தலைப்பு எழுதினேன்: நம்பர், மொத்தம், தலை, கால். மூன்றாம் நம்பருக்கு எதிரே, தலையில் 19 கிராம் குறைக்க, காலில் 5 கிராம் குறைக்க. கூட்டிப் பார்த்து 24 என்று டிக் அடித்தேன். கீழே தேதி போட்டுச் சுருக்கொப்பமும் இட்டேன். பழக்கம்.

ஆனால் என்ஜினுக்குள் ராடு எப்படி நிற்கிறது? பெரிய வளையம் அடியில் கிராங்கில், சின்ன வளையம் மேலே பிஸ்டனில். பிரெஞ்சுக்காரனின் ராடு தலைகீழாக நிற்கிறது! நம் ஊரில் தலை என்றால் மேலே இருப்பது. அதிலும் மெக்கானிக்குக்கு 'ஹெட்' என்றால் என்ஜினின் உச்சி. நான் முழுத்தாளைத் திங்கட்கிழமை காலையில் பையன் கையில் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன். அந்த வாரம் ஆபீசில் இன்ஸ்பெக்ஷன்.

புதன்கிழமை மூன்று மணிக்கு அந்தப் பையன் எம்.டி.எச். ரோடு வழியாக வாடகை சைக்கிள் மிதித்து ஆவடிக்கு வந்து என் ஆபீஸ் வாசலில் நின்றான். "மேஸ்திரி உடனே வரச் சொன்னாரு சார்." முகம் வெளுத்திருந்தது. பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன்.

சின்ன வளையத்தின் உச்சியை 12 கிராம் வரை ராவியிருந்தான். அங்கே அவ்வளவு சதை கிடையாது. சுவர் அப்பளமாக மெலிந்துவிட்டிருந்தது. மேஸ்திரி வேறு வேலையில் இருந்து தற்செயலாகத் திரும்பிப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். ராடு அத்தோடு முடிந்தது. இரும்பை ராவி எடுக்கலாம், ஒட்டவைக்க முடியாது. பற்ற வைத்தால் அந்த இடமே பலவீனமாகிவிடும் என்று கையை விரித்துவிட்டார்.

"பையன் மாத்தி ராவிட்டான் சார்" என்றார் என்னைப் பார்த்து.

நான் எழுதிய முழுத்தாள் நான்காக மடித்து அவர் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். "அடடா" என்று மட்டும் வந்தது.

சனிக்கிழமை மாமா பஸ்ஸில் வந்தார். ராடைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். நான் வாழ்க்கையில் அவரை அவ்வளவு கோபமாகப் பார்த்ததில்லை. பட்டாளத்துத் தமிழும் பிரெஞ்சும் கலந்து வந்தது. பையன் கொட்டகைத் தூணுக்குப் பின்னால் நின்றான். மேஸ்திரி தலை குனிந்து, "என் கவனக்குறைவு ஐயா, கூலி வேண்டாம்" என்று சொன்னார். மாமா என் பக்கம் திரும்பி, "படிக்காதவன் கையில கொடுத்தது நம்ம தப்பு மாப்ளே" என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். கல்யாணமாகி இரண்டரை வருஷம். மாமனார் கண்ணில் நான் பிரெவே பாஸ் பண்ணிய சர்க்கார் உத்தியோகஸ்தன். சொல்லவில்லை.

தையில் மைத்துனி வாடகை அம்பாசடரில் மணமேடைக்குப் போனாள். மாமா முன் சீட்டில் உட்கார்ந்து வழி நெடுகப் பேசாமல் வந்ததாக என் மனைவி சொன்னாள்.

பிறகு காரைக்காலிலேயே இன்னொரு பழைய 203 அகப்பட்டு, வேறு ராடு வந்தது. பையன் மறுபடி முதலிலிருந்து தேய்த்தான். இந்தத் தடவை மேஸ்திரியே பத்தர் கடைக்கு வந்தார். நான் தாளில் கோடு போட்டதும், "பெரிய ஓட்டைன்னு எழுதுங்க சார்" என்றார். எழுதினேன். "சின்ன ஓட்டைன்னு எழுதுங்க." எழுதினேன். வேறு ஒரு வார்த்தை இல்லை. பெரிய வளையத்தில் மூடியின் அடிப்பக்கம் கூடுதலாக இருக்கும் சதையிலும், சின்ன வளையத்தின் உச்சியில் ஒரு துளியும் எடுத்தார். நடுத்தண்டையும் போல்ட் பக்கத்தையும் தொடவில்லை. எந்த மூடி எந்த ராடுடையதோ அதிலேயே, நம்பர் பார்த்துப் பூட்டினார். நான்கும் அரை கிராமுக்குள் வந்து நின்றன.

பங்குனியில் என்ஜின் ஓடியது. மாமா பானெட்டில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார். மேஸ்திரிக்கு முழுக் கூலியும், மேல் ஒரு வேட்டியும் கொடுத்தார். பையனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அந்தக் கார் அதற்குப் பிறகு பத்து வருஷம் ஓடியது, ராடு தட்டவே இல்லை. மாமா 1994-ல் காலமானார். மேஸ்திரி அதற்கும் முன்பே. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடி நிற்கிறது.

இரண்டு வருஷம் முன்பு பூந்தமல்லியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "சார், ஆவடி ஆபீஸ் சார்தானே?" என்றார். நரைத்த மீசை, தடித்த விரல்கள். அந்தப் பையன். பூந்தமல்லி டிரங்க் ரோடில் சொந்தமாக லேத்துப் பட்டறை, மகன் பார்த்துக்கொள்கிறானாம். பழைய கதை பேசினோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. "அந்த ராடு விஷயம்... தப்பு உன்னுடையது இல்லைப்பா" என்றேன்.

"தெரியும் சார்" என்றார் சாதாரணமாக. "அன்னிக்கு ராத்திரியே மேஸ்திரி சொல்லிட்டாரு. தப்பு சீட்டுல இருக்கு, உன் கையில இல்லடா, போய்ச் சாப்பிடுன்னாரு. சாரு புது மாப்பிள்ளை, வெளியில பேசாதேன்னும் சொன்னாரு."

பாயசம் வந்தது. "போடச் சொல்லுங்க சார், சர்க்கரை இல்லையே உங்களுக்கு?" என்று கேட்டு, என் இலையைப் பரிமாறுகிறவன் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தார்.